மின்சாரச் சல்லடை – 9: ஊசி முனையில் கூடியவை

சென்ற வாரம் கதையை மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நிறுத்தியிருந்தோம். தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டு வந்த மணலைப் பார்த்து 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டுகொண்டார். பின்னாளில் அந்தக் கரை மணலை உயர் மின்னழுத்த உருளைகள்மேல் ஓடவிட்டுத் தாதுக்களைப் பிரிக்கத் தொடங்கினார்கள். இல்மனைட்டும் ரூட்டைலும் மின்சாரத்தைக் கடத்துபவை. ஏற்றிய மின்னூட்டத்தை உருளையிடம் கொடுத்துவிட்டுத் தெறித்து விழும். சிர்கானும் மோனசைட்டும் கடத்தாதவை. ஏற்றியதை விடாமல் வைத்துக்கொண்டு உருளையோடு ஒட்டியபடி சுற்றும்.

அங்கே நடந்ததெல்லாம் மின்னூட்டத்தின் வேலை. ஏற்றினால் பிரிந்தது.

கடைசியில் ஒரு கேள்வியை வைத்திருந்தோம். மின்னூட்டமே ஏற்றாத துகளை மின்சாரத்தால் நகர்த்த முடியுமா? அந்தத் துகள் உயிருள்ள ஒரு செல்லாக இருந்தால்?

விடையின் முதல் பாதிக்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். மணவாளக்குறிச்சியிலிருந்து வடக்கே, விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தால் போதும்.

சிவகாசிக்குத் தெரிந்த இரண்டு மின்சாரங்கள்

சிவகாசியில் மழை குறைவு, காற்று வறண்டது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபோது, ஊரின் வறட்சியே அவர்களுக்கு முதலீடானது. குச்சி காய வேண்டும். பெட்டி காய வேண்டும். பின்னால் வந்த பட்டாசில் மருந்தும் திரியும் காய வேண்டும். தீப்பெட்டி லேபிளுக்காக வளர்ந்த அச்சுத் தொழிலில் மையும் காய வேண்டும்.

வறண்ட காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. உரசலில் பிறக்கும் மின்னூட்டம் அதில் எளிதில் கசிந்து போகாது. தேங்கி நிற்கும்.

பட்டாசு ஆலைக்காரர்கள் இதற்குப் பயப்படுகிறார்கள். அலுமினியத் தூள் கலந்த மருந்துக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். அதனால்தான் மருந்து அறைக்குள் போகிறவர்களிடம் பருத்தி உடுத்தச் சொல்கிறார்கள். நைலான் சேலை வேண்டாம் என்கிறார்கள். தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னூட்டத்தை இறக்கிவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள்.

அச்சகத்துக்காரருக்கு அதே மின்னூட்டம் வேறு வகைத் தொல்லை. தாளோடு தாள் ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாக மெஷினுக்குள் போகும். லேமினேஷன் பிலிம் ரோலைப் பிரித்தால், கீழே கிடக்கும் தாள் துணுக்குகள் துள்ளி வந்து பிலிமில் ஒட்டும்.

நம் கதைக்கு வேண்டியது இந்தத் துள்ளல்தான்.

பிலிமில் மின்னூட்டம் இருக்கிறது, சரி. துணுக்குக்கு யார் ஏற்றினார்கள்? யாருமில்லை. அது பாட்டுக்குத் தரையில் கிடந்தது. பிறகு ஏன் துள்ளியது?

வித்தியாசமே விசை

கொஞ்சம் நிதானமாகப் போவோம். இந்த இடம் புரிந்துவிட்டால் மீதிக் கதை தானே நகரும்.

துணுக்குக்குள் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சரிசமமாக இருக்கின்றன. பிலிம் நெருங்கியதும் அவை சற்றே ஒதுங்குகின்றன. பிலிமுக்கு எதிரானது பிலிமின் பக்கமாகவும், பிலிமை ஒத்தது மறுபக்கமாகவும் போகிறது. பிலிம் இப்போது துணுக்கின் ஒரு முனையை இழுக்கிறது, மறு முனையைத் தள்ளுகிறது.

இழுப்பும் தள்ளலும் சமமானால் துணுக்கு அசையாது. இரண்டு தட்டையான உலோகத் தகடுகளை நேர் எதிரே நிறுத்தி, அவற்றின் நடுவே துணுக்கை வைத்தால் அப்படித்தான் ஆகும். அங்கே மின்புலம் எல்லா இடத்திலும் ஒரே வலிமை. துணுக்கு திரும்பி நிற்கலாமே தவிர இடம் பெயராது.

பிலிம் சுருளின் ஓரத்தில் கதை வேறு. அருகே புலம் வலுவாக இருக்கும். தள்ளிப் போகப் போக மெலியும். அருகில் உள்ள முனை பெறும் இழுப்பு அதிகம், தூரத்து முனை பெறும் தள்ளல் குறைவு. கழித்தால் மிஞ்சுவது இழுப்பு. துணுக்கு துள்ளுகிறது.

ஆக நிபந்தனை ஒன்றுதான்: புலம் சீராக இருக்கக் கூடாது. அதற்கு எளிய வழி, ஒரு பக்கம் ஊசி, எதிர்ப்பக்கம் தகடு. ஊசி முனையில் புலம் குவியும், தகட்டில் பரவும்.

இன்னொன்றும் இருக்கிறது, பாதி வாசகர்கள் தாண்டிப் போய்விடக்கூடிய இடம் இது. ஊசியின் மின்னூட்டத்தை நேரிலிருந்து எதிராக மாற்றினால் என்ன ஆகும்? துணுக்குக்குள் நடந்த ஒதுக்கமும் கூடவே திசை மாறிவிடும். இழுப்பு இழுப்பாகவே இருக்கும். நொடிக்கு ஐம்பது முறை மாற்றினாலும் பத்து லட்சம் முறை மாற்றினாலும் அப்படியே. சொந்த மின்னூட்டம் உள்ள துகளோ மாறுதிசை மின்சாரத்தில் இங்கும் அங்கும் ஆடிவிட்டு, கணக்கில் எங்கும் போகாமல் நின்றுவிடும்.

அதாவது மாறுதிசை மின்சாரத்தைப் போட்டால் மின்னூட்டத்தின் வேலை ரத்தாகும். ஒதுக்கத்தின் வேலை மட்டும் மிஞ்சும். மணவாளக்குறிச்சி உருளைக்கும் இனி வரப்போகும் கருவிகளுக்கும் உள்ள பிரிகோடு இதுதான்.

சுற்றியிருக்கும் திரவம்

துகள் எதற்குள் மிதக்கிறது என்பதும் முக்கியம். காற்றில் தாள் துள்ளும். அதே தாளைவிட எளிதில் மின்னூட்டம் ஒதுங்கும் ஒரு திரவத்தில் துணுக்கை முக்கினால், திரவமே ஊசியை நோக்கி முந்திக்கொள்ளும். துணுக்கு வெளியே தள்ளப்படும்.

1924-ல் ஹாட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் இந்தக் குணத்தைச் சுரங்கத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். வெள்ளீயத் தாதுவும் குவார்ட்ஸ் கல்லும் கலந்த தூள். இரண்டுக்கும் நடுவான தன்மை கொண்ட ஒரு திரவத்தில் அதைப் போட்டார். தாது வலுவான புலத்தை நோக்கி வந்தது, குவார்ட்ஸ் விலகியது. நடுவான திரவத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

மூன்று ஆண்டு கழித்து, 1927-ல், மூத் என்பவர் மாறுதிசை மின்புலத்தில் கொழுப்புத் துளிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து முத்துமாலை போல நிற்பதைப் பார்த்து எழுதினார். இருவரும் ஒரே விசையைத்தான் பார்த்தார்கள். ஒருவர் சுரங்கத்துக்காரர், ஒருவர் கூழ்ம வேதியியல் பக்கம். இரண்டையும் முடிச்சுப் போட அப்போது யாரும் இல்லை.

கடற்படை ஆய்வகத்தில் கரித்தூள்

முடிச்சுப் போட்டவர் ஹெர்பர்ட் போல். பிறந்தது 1916-ல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வேலை.

அவர் கைக்கு வந்த வேலையில் உயிரியல் மணமே இல்லை. பி.வி.சி. பிளாஸ்டிக்கில் நிரப்புப் பொருளாகக் கரித்தூள் கலந்திருக்கும். சிவகாசி அச்சகங்களில் கறுப்பு மைக்குக் கறுப்பைத் தருவதும் அந்த வகைக் கரித்தூள்தான். பிளாஸ்டிக்கை ஆராய வேண்டுமானால் முதலில் கரித்தூளை அதிலிருந்து எடுத்தாக வேண்டும். பிளாஸ்டிக்கைக் கரைப்பானில் கரைத்தாலும் கரித்தூள் கரைசலில் மிதந்துகொண்டே இருக்கும், எளிதில் படியாது.

போல் கரைசலுக்குள் சீரற்ற மின்புலத்தைச் செலுத்திப் பார்த்தார். கரித்துகள்கள் புலம் குவியும் இடத்தை நோக்கி நகர்ந்தன.

1951-ல் பயன்பாட்டு இயற்பியல் இதழ் ஒன்றில் அதைக் கட்டுரையாக்கினார். சீரற்ற புலத்தில் மின்னூட்டமற்ற பொருள் நகர்வதற்கு டைஎலக்ட்ரோஃபோரிசிஸ் என்று பெயர் வைத்ததும் அந்தக் கட்டுரையில்தான். அதற்கு முன் ஆங்காங்கே சிதறிக் கிடந்த கவனிப்புகளுக்கு இனி ஒரே முகவரி.

அத்தோடு நின்றிருந்தால் போல் பிளாஸ்டிக் வேதியியலின் அடிக்குறிப்பாகப் போயிருப்பார். அவரைக் கதாநாயகன் ஆக்கியது பதினைந்து ஆண்டு கழித்து அவர் எடுத்த ஒரு முடிவு.

1966: ஈஸ்ட்

1966. ஜனவரியில் டெல்லியில் விருதுநகர்க்காரர் ஒருவர் இந்திரா காந்தியைப் பிரதமர் நாற்காலியில் அமரவைத்த ஆண்டு. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் போல் ஒரு சொட்டுத் திரவத்தை நுண்நோக்கியின் கீழே வைத்திருந்தார். கூட இருந்தவர் ஐரா ஹாக்.

சொட்டில் இருந்தது ஈஸ்ட். பேக்கரியில் மாவை உப்பவைக்கிறதே, அதுதான். பாதி உயிருள்ளவை, பாதி செத்தவை. சொட்டுக்குள் ஊசிமுனை மின்வாய். அதில் உயர் அதிர்வெண் மாறுதிசை மின்சாரம்.

ஈஸ்ட் செல்கள் ஒவ்வொன்றாக ஊசியை நோக்கி வரத் தொடங்கின. முனையில் ஒட்டின. ஒட்டியதன் மேல் அடுத்தது ஒட்டியது. மூத் பார்த்த முத்துமாலை ஊசி முனையிலிருந்து வெளிநோக்கி வளர்ந்தது.

வந்தவை உயிருள்ளவை. செத்தவை வரவில்லை.

அந்த ஆண்டே 'சயன்ஸ்' இதழில் இது வெளியானது. உயிருள்ள செல்லையும் செத்த செல்லையும் மின்புலத்தால் பிரித்த கட்டுரை. சாயம் இல்லை, மருந்து இல்லை, செல்லின் மேல் எதையும் ஒட்டவும் இல்லை.

உயிரின் காந்தம், ஜீவசக்தி என்றெல்லாம் கற்பனை ஓடுவதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

உயிருள்ள செல்லைச் சுற்றி ஒரு சவ்வு. சில நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புப் படலம், மின்சாரத்தை விடாது. உள்ளே உப்புக் கரைசல். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வெளியே போல் வைத்திருந்தது உப்புக் குறைந்த நீர். குறைந்த அதிர்வெண்ணில் சவ்வு தடுப்புச் சுவராக நிற்கிறது. செல் முழுவதும் ஒரு மின்காப்பு உருண்டையாகத் தெரிகிறது. புலம் அதைத் தள்ளிவிடுகிறது. அதிர்வெண்ணை ஏற்றினால் சவ்வைத் தாண்டிப் புலம் உள்ளே எட்டிவிடும். உள்ளே உப்பு. வெளி நீரைவிட எளிதில் ஒதுங்கும் மின்னூட்டங்கள். செல் ஊசியை நோக்கி வருகிறது.

செத்த செல்லின் சவ்வில் ஓட்டை விழுந்துவிடுகிறது. உப்பு வெளியே கசிந்துவிடுகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இழுக்க எதுவும் இல்லை.

ஊசிக்கு உயிர் தெரியாது. உப்பு தெரியும். உப்பைக் கட்டிக் காக்கிற வேலையைச் செல் செய்துகொண்டிருக்கிறதா என்பது தெரியும்.

இதைவிடப் பெரிய செய்தி அதன் அடியில் இருந்தது. ஒரே செல்லை ஓர் அதிர்வெண்ணில் தள்ளலாம், இன்னோர் அதிர்வெண்ணில் இழுக்கலாம். இடையில் எங்கோ தள்ளலும் இல்லாமல் இழுப்பும் இல்லாமல் செல் சும்மா நிற்கும் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி எல்லாச் செல்லுக்கும் ஒன்றாக இருக்குமா? இல்லையென்றால், ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கும் குமிழைத் திருகுவதுபோல் அதிர்வெண்ணைத் திருகியே செல்களை வகைபிரிக்கலாமே?

ஊசி முட்டிய சுவர்

அடுத்த பத்தாண்டில் உலகம் முழுவதும் ஆய்வகங்கள் இந்த வேலையில் குதித்திருக்கும் என்று நினைப்போம். நடக்கவில்லை.

போல் விடாமல் உழைத்தார். 1971-ல் கிரேன் என்பவரோடு ஈஸ்ட் செல்களின் நடத்தையை அதிர்வெண் வாரியாக அளந்தார். ஊசியில் வளர்ந்த மாலையின் நீளத்தை நுண்நோக்கியில் அளப்பதே அவருடைய அளவுகோல். 1978-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய நூலை வெளியிட்டது. இந்தத் துறையில் நுழைபவர்கள் இன்றும் தொடங்கும் இடம் அது.

ஆனால் நூலும் கட்டுரைகளும் இருந்தும் மருத்துவமனைக்குள் எதுவும் போகவில்லை. காரணம் இரத்தம். உப்பு மிகுந்த திரவம் அது. ஊசிக்கும் எதிரே உள்ள மின்வாய்க்கும் நடுவே இழுக்கும் அளவுக்கு வோல்ட் ஏற்றினால் மின்னோட்டம் பாயும், திரவம் சூடாகும், மின்வாயில் குமிழி கிளம்பும், செல் வெந்துபோகும். பிரிப்பதற்கு முன்பே பிரிக்க வேண்டியது செத்துவிடும். இன்னொன்று, ஊசி ஒன்றுதான். அதன் முனையில் ஒட்டுகிற செல்கள் எத்தனை இருக்கும்?

கடைசி ஆண்டுகளில் போல் வேறொரு பக்கம் திரும்பினார். பிளவுபடும் செல்கள் தாமே மின் அலைவுகளை வெளியிடுகின்றன, நுண்துகள்களைத் தம்மை நோக்கி இழுக்கின்றன என்று அவர் நம்பினார், சோதனைகளும் செய்தார். துறை அவரோடு போகவில்லை. அந்தத் திருப்பம் இல்லாமல் ஊசியைச் சிறிதாக்கும் வேலையில் அவர் இறங்கியிருந்தால் கதை பத்து ஆண்டு முன்னே ஓடியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் ஊசியைச் சிறிதாக்கும் கருவி அவருடைய ஆய்வகத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

1986-ல் போல் மறைந்தார்.

அச்சுக்காரர்களின் வழி

திருப்பம் வந்தது உயிரியலிலிருந்தும் அல்ல, மருத்துவத்திலிருந்தும் அல்ல. அச்சுக்கலையிலிருந்து.

சிவகாசி ஆப்செட் அச்சகத்தில் பிளேட் போடுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அலுமினியத் தகட்டின்மேல் ஒளி பட்டால் மாறும் ஒரு பூச்சு. அதன்மேல் படம் உள்ள பிலிம். மேலிருந்து புற ஊதா ஒளி. டெவலப்பரில் கழுவினால் வேண்டிய இடத்தில் பூச்சு நிற்கும், வேண்டாத இடத்தில் போய்விடும். இப்போது பிலிமே இல்லாமல் கணினியிலிருந்து நேராகப் பிளேட்டுக்கு வந்துவிட்டார்கள், அடிப்படை அதுவே.

அலுமினியத் தகட்டுக்குப் பதில் கண்ணாடிச் சில்லு. அதன்மேல் மெல்லிய தங்கப் படலம். பூச்சு, முகமூடிப் படம், ஒளி, கழுவல். பூச்சு போன இடத்தில் தங்கத்தை அமிலத்தால் அரித்து எடுத்தால் மிஞ்சுவது தங்கத்தால் அச்சிட்ட மின்வாய்கள். கணினிச் சில்லு செய்யும் ஆலைகள் வளர்த்தெடுத்த இந்த வேலை 1980களின் இறுதியில் பல்கலைக்கழகங்களின் கைக்கும் வந்துவிட்டது.

இதனால் என்ன ஆகிறது? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு செல்லின் மீதான இழுப்பு, வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும்; மின்வாய்களின் இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். இடைவெளி 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 50 மைக்ரான் ஆக்குங்கள், நூறில் ஒரு பங்கு. அதே இழுப்புக்கு வேண்டிய வோல்ட் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். 1,000 வோல்ட் கேட்ட இடத்தில் 1 வோல்ட். திரவத்தில் ஏறும் சூடு வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது. அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

போல் முட்டிக்கொண்ட சுவர் ஒரே அச்சில் சரிந்தது.

கூடவே இன்னொரு லாபம். பிளேட்டில் ஓர் எழுத்தை அச்சிடுவதும் ஆயிரம் எழுத்தை அச்சிடுவதும் ஒரே வேலை. ஊசி ஒன்றாக இருந்த இடத்தில் ஒரே கண்ணாடியில் ஆயிரக்கணக்கான முனைகள்.

பேங்கர் நகரத்து மதில்கள்

வடக்கு வேல்ஸில் பேங்கர் என்று சின்னப் பல்கலைக்கழக ஊர். சுற்றுப்புறம் ஸ்லேட் கல்லுக்குப் பேர்போனது. அங்கே ரொனால்ட் பெத்திக் குழு 1992-ல் ஒரு வடிவத்தை வெளியிட்டது. இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்ததுபோல மின்வாய்கள். ஒவ்வொரு பல்லின் விளிம்பும் கோட்டை மதிலின் கொத்தளம் மாதிரி ஏறி இறங்கும்.

ஏற்ற இறக்கம் அழகுக்காக அல்ல. மூலைகளில் புலம் குவியும். உள்வாங்கிய இடங்களில் மெலியும். இழுக்கப்படும் செல்கள் மூலைகளில் கூடும். தள்ளப்படும் செல்கள் உள்வாங்கிய இடங்களில் ஒதுங்கும். அதிர்வெண்ணைத் திருகியபடி நுண்நோக்கியில் பார்த்தால் செல்கள் மூலையை விட்டுக் குழிக்கும், குழியை விட்டு மூலைக்கும் இடம் மாறுவது தெரியும். மாலையின் நீளத்தை அளந்துகொண்டிருந்த காலம் போயிற்று.

அந்த 1992 கட்டுரையில் ஹுவாங், வாங் என்று இரண்டு பெயர்கள் உண்டு. மூன்று ஆண்டு கழித்து அதே பெயர்கள் அட்லாண்டிக் கடலுக்கு அக்கரையில் தென்படுகின்றன.

ஹூஸ்டன், 1995

எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம், டெக்சாஸ். ஃபிரெடரிக் பெக்கர், பீட்டர் காஸ்காயின், வாங், ஹுவாங், பேங்கரிலிருந்து பெத்திக். முன்னே இருந்த கேள்வி, இரத்தத்தில் கலந்த மார்பகப் புற்றுச் செல்லைப் பிரிக்க முடியுமா என்பது.

இரத்தத்தை அப்படியே விடவில்லை. உப்பு குறைவாகவும், செல் வெடித்துவிடாமல் இருக்கச் சர்க்கரை சேர்த்தும் செய்த கரைசலில் கலந்தார்கள். ஹாட்ஃபீல்டு வெள்ளீயத்துக்குத் திரவம் தேடிய அதே புத்தி.

அதற்கு முன் ஒவ்வொரு செல்லின் சவ்வும் எவ்வளவு மின்னூட்டம் தேக்கும் என்று அளந்தார்கள். சதுர மீட்டருக்கு மில்லிஃபாரட் கணக்கில்: சிவப்பணுவுக்கு 9, டி-லிம்போசைட் என்ற வெள்ளணுவுக்கு 11, புற்றுச் செல்லுக்கு 26.

சவ்வின் பொருள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பின் ஏன் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு?

மடிப்பு. சிவப்பணுவின் தோல் வழவழப்பு. புற்றுச் செல்லின் மேல் சுருக்கங்கள், விரல்நீட்டங்கள், மடிப்புகள். கொசுவம் வைத்த சேலையில் ஒரு சாண் அகலத்துக்குள் எத்தனை முழம் துணி அடங்கியிருக்கிறதோ, அப்படி அதே பரப்பளவுக்குள் அதிகச் சவ்வு. அதிகச் சவ்வு அதிக மின்னூட்டத்தைத் தேக்கும்.

அதன் விளைவு நேரடியானது. தள்ளலிலிருந்து இழுப்புக்கு மாறும் அந்த நடுப்புள்ளி, மடிப்பு அதிகமுள்ள செல்லுக்குக் குறைந்த அதிர்வெண்ணிலேயே வந்துவிடுகிறது. புற்றுச் செல்லின் புள்ளிக்கு மேலேயும் இரத்தச் செல்களின் புள்ளிக்குக் கீழேயும் ஓர் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரே நேரத்தில், ஒரே மின்வாயில், புற்றுச் செல் இழுபடும். இரத்தச் செல் தள்ளப்படும்.

மின்வாய்கள் பதித்த தளத்தின்மேல் கலவையை மெல்ல ஓடவிட்டார்கள். புற்றுச் செல்கள் தளத்தில் தங்கின. இரத்தச் செல்கள் நீரோட்டத்தோடு போய்விட்டன. மின்சாரத்தை நிறுத்தியதும் தங்கியவையும் விடுபட்டன.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் 1995-ல் அது வெளியானது. போல் 1966-ல் உயிரையும் சாவையும் பிரித்தார். இவர்கள் உயிருள்ளதிலிருந்து உயிருள்ளதைப் பிரித்தார்கள். அது பல மடங்கு கடினம், ஏனென்றால் இரண்டு பக்கமும் உப்பைக் காக்கத் தெரிந்த செல்கள்.

என்னைக் கேட்டால், இந்த வெற்றியில் பாதிப் பங்கு ஒளியால் பிளேட் போடக் கண்டுபிடித்தவர்களுக்குச் சேரும். போலின் இயற்பியலில் பெரிதாக எதுவும் மாறவில்லை. மாறியது ஊசியின் அளவும் எண்ணிக்கையும்தான். பாடநூல்கள் இப்படிக் கதையை எழுதுவதில்லை.

அந்தச் செல்கள் யாருடையவை?

ஒரு விவரத்தைக் கடைசிக்கு என்று வைத்திருந்தேன்.

ஹூஸ்டனில் இரத்தத்தோடு கலந்த புற்றுச் செல்கள் அந்த இரத்தத்துக்குரிய நோயாளியிடமிருந்து வந்தவை அல்ல. அவை எம்.டி.ஏ-231 என்ற வகை. 1973-ல், அதே எம்.டி. ஆண்டர்சன் மையத்தில், 51 வயதான ஒரு பெண்ணின் நுரையீரலைச் சூழ்ந்து தேங்கிய நீரிலிருந்து எடுத்த செல்களின் வாரிசுகள். அன்றிலிருந்து கண்ணாடிக் குப்பிகளிலும் பிளாஸ்டிக் தட்டுகளிலும் ஊட்டக் கரைசலில் பெருகிக்கொண்டே இருந்தவை. அதிலிருந்து எடுத்து, எண்ணி, இரத்தத்தில் கலந்து, மறுபடியும் பிரித்தார்கள்.

ஆய்வில் அது தவறில்லை. எவ்வளவு கலந்தோம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு மீட்டோம் என்று சொல்ல முடியும்.

ஆனால் 22 ஆண்டு தட்டில் ஒட்டி வளர்ந்த செல்லுக்கும், ஒரு கட்டியிலிருந்து பிய்ந்து ஒருவரின் இரத்த நாளத்துக்குள் உருண்டுகொண்டிருக்கும் செல்லுக்கும் தோல் ஒரே மாதிரி இருக்குமா? தட்டில் ஒட்டி வளர்கிற செல் பற்றிக்கொள்வதற்காக மடிப்புகளை வைத்திருக்கலாம். நாளத்துக்குள் அலைகிற செல்லுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. உடம்பில் பரவுவதற்காகத் தன் உருவையே மாற்றிக்கொள்கிற புற்றுச் செல்களும் உண்டு.

எண்ணிக்கையும் குறுக்கே நிற்கிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்கள். அலையும் புற்றுச் செல்கள் சில மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டாக இருக்கலாம். அத்தனை கோடியையும் மின்வாய்த் தளத்தின்மேல் மெல்ல ஓடவிட்டால் எத்தனை மணி நேரம் ஆகும்? சர்க்கரைக் கரைசலில் அவ்வளவு நேரம் இருக்கும் செல்லின் சவ்வு அதற்குள் தன் மின்குணத்தை மாற்றிக்கொள்ளாதா?

ஹூஸ்டன் குழுவுக்கு இந்தக் கேள்விகள் தெரியும். இத்தாலியில் பொலோனா நகரத்தில் சில பொறியாளர்கள் வேறு வழியில் யோசித்துக்கொண்டிருந்தார்கள்: செல்களை ஓடவிடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு செல்லையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்கூண்டில் தனித்தனியே அடைத்து, கூண்டோடு நகர்த்தினால்?

தட்டில் வளர்ந்த செல்லுக்கு இருந்த மடிப்பு, நோயாளியின் இரத்தத்தில் அலையும் செல்லுக்கும் இருந்ததா? கூண்டுகள் அதற்கு விடை தந்தனவா?

(அடுத்த வாரம்)